சுவர்ப் படங்கள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சுவரில் மாட்டிய படம் சாய்வது, விழுவது, வெளிறுவது, அலையலையாக நெளிவது ஆகியவை தனித்தனிக் கோளாறுகளாகத் தோன்றினாலும், உறவினர் வீடுகளிலும் நண்பர் வீடுகளிலும் நான் சரிசெய்து கொடுத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் படத்தின் முகத்தில் இருந்ததில்லை. படத்தின் முதுகில் இருந்தது, அல்லது அது சாய்ந்திருந்த சுவரில் இருந்தது. ஆகவே எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றே: படத்தைக் கழற்றி, தடித்த துணி விரித்த மேசையில் கவிழ்த்து வைத்து, அதன் பின்புறத்தையும் காலியான சுவரையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வண்ணம் உதிரத் தொடங்கிய ஓவியத்தையும், பாஸ்டல் குச்சியால் வரைந்த ஓவியத்தையும், கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட புகைப்படத்தையும் மட்டும் கவிழ்க்காமல், நிமிர்த்திப் பிடித்தபடியே பார்க்க வேண்டும்.

ஒரு ரசமட்டம், அளவு நாடா, பென்சில், கைவிளக்கு, மாஸ்கிங் டேப் ஆகியவை இருந்தால் கீழே உள்ள சோதனைகள் அனைத்தையும் செய்துவிடலாம். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வருகின்றன.

அறிகுறி: படம் ஒரு பக்கமாகச் சாய்கிறது

உண்மையிலேயே சாய்ந்திருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சட்டத்தின் மேல் விளிம்பில் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நின்றால், சாய்ந்திருப்பது படமன்று. அருகிலுள்ள கதவு நிலையோ கூரை விளிம்போதான் கோணலாக இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ரசமட்டத்தின் சொல்லைக் கேட்பதைவிடக் கண்ணின் சொல்லைக் கேட்பதே நல்லது என்பது என் கருத்து: பக்கத்திலுள்ள கோட்டுக்கும் சரியான மட்டத்துக்கும் இடைப்பட்ட நிலையில் படத்தை நிறுத்தினால் உறுத்தல் மறைந்துவிடும்.

*நேராக்கிய அன்றே மீண்டும் சாய்ந்தால்:* தொங்கவிடும் கம்பியைக் கட்டியிருக்கும் பின்புறத்து வளையங்கள் இரண்டும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று மேல் விளிம்பிலிருந்து அளந்து பாருங்கள். 5 மி.மீ. வேறுபாடு இருந்தாலும் படம் ஒருபுறம் இறங்கும். தாழ்ந்த வளையத்தைக் கழற்றிச் சரியான இடத்தில் திருகினால் போதும்.

*சில நாட்களில் மெல்ல மெல்லச் சாய்ந்தால்:* கீழ் மூலை சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் மெல்லியதொரு புள்ளி வைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புள்ளியிலிருந்து மூலை நகர்ந்திருந்தால், கதவு அறையும் அதிர்வோ மாடிப்படியில் நடக்கும் அதிர்வோ படத்தை நகர்த்துகிறது. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டின் பின்புறத்திலும் சிறிய ரப்பர் வில்லைகளை ஒட்டுங்கள். அவை சுவரைப் பற்றிக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால், ஒற்றை ஆணிக்குப் பதிலாக, படத்தின் அகலத்தை மூன்றாகப் பிரிக்கும் இரண்டு புள்ளிகளில் ஒரே மட்டத்தில் இரு கொக்கிகளை அடித்து, கம்பி இரண்டின் மீதும் படியுமாறு மாட்டுங்கள். இதற்கு மேல் இக்கோளாறுக்கு எவரையும் அழைக்க வேண்டியதில்லை.

அறிகுறி: மேல் விளிம்பு சுவரைவிட்டு முன்னால் கவிழ்கிறது

வளையங்கள் தாழ்வாக இருப்பதும் கம்பி அதிகம் தொங்குவதுமே காரணங்கள். சட்டத்தின் உயரத்தில் மேலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வளையங்கள் இருக்க வேண்டும். நடுப்பகுதிக்கு இறங்கிவிட்டால் கவிழ்வைத் தவிர்க்க முடியாது. கீழ் மூலைகளில் ஒட்டும் ரப்பர் வில்லைகள் இங்கும் ஓரளவு உதவும். கனமான படம் சுவரோடு சுவராகப் படிய வேண்டுமென்றால் கம்பியையே விட்டுவிட்டு, இரண்டு வளையங்களையும் நேரடியாக இரண்டு கொக்கிகளில் மாட்டுவதே நிலையான தீர்வு.

அறிகுறி: ஆணி தளர்கிறது, அல்லது படம் விழுந்துவிட்டது

விழுந்த படத்தை அதே துளையில் அதே ஆணியைச் செருகி மீண்டும் மாட்டுவதே எல்லோரும் செய்யும் தவறு. உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கையுறை அணிந்து அகற்றிய பின், எது கைவிட்டது என்று பாருங்கள்.

*ஆணி சுவரிலேயே இருக்கிறது, கம்பி அறுந்துள்ளது:* பருத்தி நூலும் பிளாஸ்டிக் கயிறும் காலப்போக்கில் நைந்துபோகும். அவற்றை நீக்கிவிட்டு முறுக்கிய உலோகக் கம்பியைக் கட்டுங்கள். கம்பியை விறைப்பாகக் கட்டினால் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. 10 கிலோ படம் ஒன்றில், கம்பி கிடைமட்டத்திலிருந்து 60 பாகை சாய்வில் ஆணிக்கு ஏறினால் ஒவ்வொரு பக்கமும் தாங்கும் இழுவை ஏறத்தாழ 5.8 கிலோ, 30 பாகையில் அது 10 கிலோ, கம்பி விறைத்து 10 பாகையில் நின்றால் ஏறத்தாழ 29 கிலோ. கம்பி அறுவதற்கும் வளையம் பிய்வதற்கும் நான் அதிகம் கண்ட காரணம் இந்த விறைப்புதான்.

*வளையம் சட்டத்திலிருந்து பிய்ந்துள்ளது:* திருகாணி குட்டையாக இருந்திருக்கலாம், மரம் பிளந்திருக்கலாம். குண்டூசித் தலையளவு துளைகள் மரத்தில் தெரிந்தால், சட்டத்தை வெள்ளைத் தாளின் மேல் பிடித்து விரலால் தட்டுங்கள். மாவு போன்ற புதுத் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இன்னும் இருக்கக்கூடும். அந்தச் சட்டத்தை உடனே மற்றப் படங்களிடமிருந்து பிரித்து வைத்து, படத்தை வெளியே எடுத்துவிட்டு, பிரேம் போடுபவரிடம் புதுச் சட்டம் கேளுங்கள். பழைய வேலைப்பாடு மிக்க சட்டமென்றால் மட்டும் அதைக் காப்பாற்ற வல்லுநரை நாடுங்கள்.

*ஆணியே சுவரிலிருந்து வந்துவிட்டது:* இங்குதான் சுவரைப் படிக்க வேண்டும். பழைய துளையிலிருந்து சில அங்குலம் தள்ளி, சுவரில் ஒரு தாளை மடித்து ஒட்டி அதன்மேல் தூள் விழுமாறு, டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். முதலில் வரும் சாம்பல் நிறத் தூளோ வெள்ளைத் தூளோ பூச்சினுடையது. பூச்சு பெரும்பாலும் 12 முதல் 15 மி.மீ. கனம் இருக்கும். அதற்குப் பின் நடப்பதே சுவர் எத்தகையது என்று சொல்லும்.

தூள் செந்நிறமாக மாறி, முனை சீராக உள்ளே சென்றால் அது செங்கல். 6 மி.மீ. முனையால் 40 முதல் 50 மி.மீ. ஆழம் துளையிட்டு, 6 மி.மீ. பிளக் (திருகாணியைப் பற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) செருகி, அதில் திருகாணியை முடுக்குங்கள். குட்டையான பிளக் முழுவதும் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட, பூச்சோடு பெயர்ந்து விழுந்த படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பிளக்கின் பெரும்பகுதி செங்கல்லுக்குள் இருந்தாக வேண்டும். துளையிலுள்ள தூளை வெளியேற்றாமல் பிளக்கைச் செருகினால் அது பிடிக்காமல் சுழலும்; கண்ணுக்குப் பாதுகாப்பாகக் கண்ணாடி அணிந்து, மெல்லிய குழாயால் ஊதியோ சிறு தூரிகையால் துடைத்தோ துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

மணலாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் செங்கற்களுக்கு இடைப்பட்ட கலவை இணைப்பில் இறங்கிவிட்டீர்கள். மேலேயோ கீழேயோ 3 அல்லது 4 செ.மீ. நகர்ந்து மீண்டும் தொடங்குங்கள்.

தூள் கடைசிவரை சாம்பல் நிறமாகவே இருந்து முனையும் முன்னேற மறுத்தால் அது கான்கிரீட். சுத்தியலால் அடித்த ஆணி அதில் வளையும். சம்மட்டி அடி கொடுக்கும் டிரில் தேவைப்படும்.

முனை திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தாற்போல் உள்ளே போனால், அது உள்ளீடற்ற கல்லாகவோ ஜிப்சம் பலகையாகவோ இருக்கும். சாதாரண பிளக் இவற்றில் பற்றாது. பின்புறம் விரிந்து பிடிக்கும் தனி வகைப் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். ஜிப்சம் சுவரில் சிறு காந்தத்தை மெல்ல நகர்த்தினால், உள்ளே சட்டகத்தில் முடுக்கப்பட்ட திருகாணித் தலைகளில் அது ஒட்டும். கனமான படத்தை அந்தச் சட்டகத்திலேயே மாட்டுவது பாதுகாப்பானது.

துளை தானாகவே அகன்று, பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தால் நிறுத்திவிடுங்கள். அது ஓதம் தின்ற பூச்சு. கொத்தனார் அதைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசாமல் எதை மாட்டினாலும் விழும்.

டிரில்லை எடுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலும் கீழும், அவற்றுக்குக் கிடைமட்டமாகவும் மின்கம்பிகள் பெரும்பாலும் ஓடும். குளியலறையையும் சமையலறையையும் ஒட்டிய சுவர்களில் தண்ணீர்க் குழாய்கள் இருக்கும். அந்தக் கோடுகளில் துளையிடாதீர்கள். வேறிடமே இல்லையென்றால் மின்பணியாளரை அழையுங்கள். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய கனமுள்ள படத்தை மாட்டவும், படுக்கைக்கு மேலே எதையேனும் மாட்டவும் தச்சரை அழைப்பதில் தயங்க வேண்டாம்.

அறிகுறி: ஒட்டுப்பட்டையில் மாட்டிய படம் கழன்று விழுகிறது

விழுந்த பட்டையின் முதுகைப் பாருங்கள். அதில் சுவர்ப் பூச்சின் தோலோ தூளோ ஒட்டியிருந்தால் பட்டையில் குறையில்லை. சுவரின் மேற்பரப்புதான் பற்றுவதற்கு உறுதியாக இல்லை. மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி உரித்துப் பாருங்கள். தூள் வந்தால் அந்தச் சுவரில் எந்தப் பட்டையும் நிற்காது, ஆணிதான் வழி. பட்டை தூய்மையாகவே கழன்றிருந்தால் எண்ணெய்ப் பசையோ ஈரமோ காரணம்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலரவிட்டு, பட்டையை அரை நிமிடம் அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்தே படத்தை மாட்டுங்கள். புதிதாக வண்ணம் பூசிய சுவரானால் குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். ஈடு செய்ய முடியாத படத்தை ஒட்டுப்பட்டையை நம்பி மாட்ட நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை.

அறிகுறி: படம் உறுதியாக நிற்கிறது, ஆனால் அந்தச் சுவரில் பொருந்தவில்லை

இதைக் கோளாறு என்று எவரும் சொல்வதில்லை; 'என்னவோ ஒட்டவில்லை' என்று மட்டும் சொல்வார்கள். இதற்கும் ஒழுங்கான சோதனைகள் உண்டு.

முதலில் உயரம். பெரும்பாலான வீடுகளில் படம் தேவைக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. தரையிலிருந்து படத்தின் மையப்புள்ளி வரை அளந்து பாருங்கள். நின்று பார்க்கும் இடங்களில் அது 145 முதல் 152 செ.மீ.க்குள் இருப்பது நல்லது, அமர்ந்தே பார்க்கும் அறையில் இன்னும் சற்றுத் தாழலாம். ஆணி அடிக்க வேண்டிய உயரத்தைக் கணக்கிட, மைய உயரத்தோடு சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, இழுத்துப் பிடித்த கம்பியின் உச்சிக்கும் சட்டத்தின் மேல் விளிம்புக்கும் உள்ள தொலைவைக் கழியுங்கள். 60 செ.மீ. உயரமுள்ள சட்டத்தில் அத்தொலைவு 8 செ.மீ. என்றால், 150 + 30 − 8 = 172 செ.மீ. உயரத்தில் ஆணி.

அடுத்தது அறைக்கலனோடு உள்ள உறவு. சோபாவுக்கு மேலே மாட்டிய படத்துக்கும் சோபாவின் முதுகுக்கும் 15 முதல் 25 செ.மீ. இடைவெளி போதும், அதற்கு மேல் விலகினால் படம் அந்தரத்தில் மிதப்பதுபோல் தோன்றும். படத்தின் அகலம் சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்காவது இருந்தால்தான் இரண்டும் ஒன்றோடொன்று சேரும். படம் சிறியதாக இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டியதில்லை: அகலமான மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றிக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் ஓர அட்டை) வைத்துப் பெரிய சட்டமிடலாம், அல்லது அதற்குத் துணையாக வேறு படங்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாக்கலாம்.

தொகுப்பு சிதறிக் கிடப்பதுபோல் தெரிந்தால் இடைவெளிகளை அளந்து பாருங்கள். சட்டங்களுக்கிடையே 5 முதல் 8 செ.மீ. என்று ஓர் அளவை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே கடைப்பிடித்தால், அளவிலும் நிறத்திலும் வேறுபட்ட படங்களும் ஒரே குடும்பமாகிவிடும். ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டி, ஆணி வரும் இடத்தைத் தாளிலேயே குறித்து, சுவரில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு இரண்டு நாள் அந்த அறையில் புழங்குங்கள். காலை வெளிச்சத்தில் ஒன்று, இரவு விளக்கில் ஒன்று என்று மாற்றங்கள் தோன்றும். தாளை நகர்த்துவது எளிது, துளையை நகர்த்த முடியாது. புதுப் படம் வாங்கும் முன்பும் இதே சோதனையைச் செய்யலாம். அளவைத் தாள் முடிவு செய்யட்டும். ஆனால் எந்தப் படம் என்பதைச் சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாகத் தேடாமல், கடந்து போகும்போது உங்களை ஒரு கணம் நிறுத்துகிற படமாகப் பார்த்து எடுங்கள். பொருந்தவில்லை என்று என்னை அழைத்த சில வீடுகளில் இடமும் அளவும் சரியாகவே இருந்தன; அந்தப் படத்தின் மேல் வீட்டார் எவருக்கும் விருப்பம் இருக்கவில்லை.

அறிகுறி: கண்ணாடியில் ஜன்னல்தான் தெரிகிறது, படம் தெரியவில்லை

நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்துகொண்டு, இன்னொருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைப் படத்தின் இடத்தில் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். அதில் ஜன்னலோ விளக்கோ தெரிகிற இடமெல்லாம் பிரதிபலிப்பு வரும் இடம். படத்தை அடுத்த சுவருக்கு மாற்றுவதே செலவற்ற தீர்வு. படத்துக்கென்றே விளக்கு வைப்பதானால், ஒளி மேலிருந்து செங்குத்துக்கு 30 பாகை சாய்வில் விழுமாறு அமையுங்கள். மாற்ற இடமில்லாதபோது பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சிட்ட கண்ணாடி இருக்கிறது. சொரசொரப்பான மங்கல் கண்ணாடியை நான் பரிந்துரைப்பதில்லை. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே மவுண்டின் இடைவெளி இருக்கும்போது அது கோடுகளின் கூர்மையைக் குலைக்கிறது.

அறிகுறி: நிறம் வெளிறுகிறது

சட்டத்தைத் திறந்து, மவுண்டுக்கு அடியில் மறைந்திருந்த விளிம்பின் நிறத்தையும் நடுப்பகுதியின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் ஒளியே காரணம், போன நிறம் திரும்பாது. செய்யக்கூடியதெல்லாம் மிச்சத்தைக் காப்பது.

நேர்வெயில் படும் சுவரிலிருந்து படத்தை இன்றே எடுங்கள். நீர்வண்ண ஓவியங்களும், சாய மை கொண்டு அச்சிட்ட படங்களும், பழைய வண்ணப் புகைப்படங்களும் முதலில் வெளிறக்கூடியவை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி உதவும்; ஆயினும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைத் தின்பதால் அதை மட்டும் நம்பி வெயிலில் மாட்டக் கூடாது. அருங்காட்சியகங்கள் நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவிலும், எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் அளவிலும் ஒளியைக் கட்டுப்படுத்துகின்றன. பகலில் ஜன்னலோரச் சுவர் இதைவிடப் பன்மடங்கு வெளிச்சமாக இருக்கும். உயர்ந்த மதிப்புள்ள காகிதப் படத்தை ஸ்கேன் செய்து, நகலைச் சுவரிலும் மூலத்தை இருட்டிலும் வைப்பதே நான் சொல்லும் வழி.

எண்ணெய் வண்ண ஓவியம் வெளிறாமல் பழுப்பேறி இருண்டிருந்தால் அது வேறு கோளாறு: மேலே பூசிய வார்னிஷ் மஞ்சளித்திருக்கிறது. உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டு, சோப்பு நீர் என்று எவர் எந்தக் கைவைத்தியம் சொன்னாலும் செய்யாதீர்கள். அது ஓவியப் பாதுகாப்பு வல்லுநரின் வேலை.

அறிகுறி: கேன்வாஸ் தொய்ந்திருக்கிறது

பின்புறம் பாருங்கள். மரச் சட்டகத்தின் உள் மூலைகளில் சிறிய மர ஆப்புகள் இருந்தால், கேன்வாஸுக்கும் ஆப்புக்கும் இடையே ஓர் அட்டையைச் செருகிவிட்டு, ஒவ்வொரு மூலையிலும் சிறிது சிறிதாகச் சமமாகத் தட்டி இறுக்கலாம். ஆப்புகள் இல்லையென்றால் பிரேம் போடுபவர்தான் கழற்றி இழுத்துக் கட்ட வேண்டும். முதுகில் தண்ணீர் தெளித்தால் இறுகும் என்பதை நம்பாதீர்கள். அன்று இறுகும் கேன்வாஸ் உலர்ந்ததும் தொய்யும், இடையில் வண்ணப்பூச்சு வெடிக்கவும் கூடும். வண்ணத்தில் வெடிப்பு ஏற்கெனவே தெரிந்தால் ஆப்பையும் தொடாமல் வல்லுநரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: காகிதப் படத்தில் அலை, பழுப்பு, புள்ளி

*அலையலையாக நெளிந்துள்ளது:* காகிதம் ஈரத்தில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். நான்கு பக்கமும் டேப் ஒட்டிப் பூட்டிவிட்டால் விரிவதற்கு இடமின்றி நெளிகிறது. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சிறு காகிதக் கீல்கள் வைத்துத் தொங்கவிடுமாறு பிரேம் போடுபவரிடம் கேளுங்கள்.

*மவுண்டின் உள்விளிம்பை ஒட்டிப் பழுப்புக் கோடு:* அமிலத்தன்மையுள்ள மலிவான அட்டையின் வேலை இது. அமிலமற்ற அட்டைக்கு மாற்றினால் கறை மேலும் பரவாது. வந்த கோடு வல்லுநர் கைபட்டால்தான் குறையும்.

*பழுப்புப் புள்ளிகள், சாம்பல் நிறப் பூசணம், கண்ணாடியின் உட்புறத்தில் நீர்த்துளி:* சுவர் ஈரமா, அறைக் காற்று ஈரமா என்று பிரித்தறியுங்கள். படம் இருந்த இடத்தில் 30 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால், சுவரை ஒட்டிய பக்கத்தில் துளிகள் நின்றால் ஓதம் சுவரிலிருந்து வருகிறது: படத்தை அங்கிருந்து எடுத்துவிட்டு, கசியும் குழாயையோ மழைநீர் இறங்கும் விரிசலையோ கண்டுபிடிக்க ஆளை அழையுங்கள். முன்பக்கத்தில் துளிகள் நின்றால் அறைக்குக் காற்றோட்டம் தேவை. சட்டத்தின் நான்கு மூலைகளிலும் 1 செ.மீ. கனமான தக்கைத் துண்டுகளை ஒட்டி, படத்துக்குப் பின்னால் காற்று ஓட இடம் கொடுங்கள். பூசணத்தை ஈரத்துணியால் துடைத்தால் அது காகிதத்துக்குள் இறங்கும். முகக்கவசம் அணிந்து, படத்தைக் காற்றோட்டமான நிழலில் உலர வையுங்கள். நன்கு உலர்ந்து பொடியான பின்பே மென்தூரிகையால் தள்ளுங்கள்.

*விளிம்புகள் அரித்திருக்கின்றன, மேற்பரப்பு சுரண்டியதுபோல் உள்ளது:* இராமபாணப் பூச்சி மாவுப் பசையைத் தேடி வந்திருக்கிறது. சட்டத்தின் பின்புறத்தைக் காகித டேப்பால் முழுவதும் அடைத்து, ஈரத்தைக் குறையுங்கள்.

அறிகுறி: புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது

மவுண்ட் இல்லாமல் கண்ணாடியை நேராகப் படத்தின் மேல் வைத்துச் சட்டமிட்ட புகைப்படங்களில் இது நேர்கிறது. ஈரத்தில் புகைப்படத்தின் ஜெலட்டின் படலம் பசைபோல் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. சாய்த்துப் பார்க்கும்போது சில இடங்கள் மட்டும் நனைந்தாற்போல் கறுத்து மினுங்கினால், அங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது.

என் பாட்டியின் இளவயதுப் புகைப்படம் ஒன்றே ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. கண்ணாடியை மாற்றுவதற்காகத் திறந்தபோது, ஒரு மூலையைத் தூக்கிப் பார்ப்போம் என்று நான் நகத்தால் மெல்ல நெம்பினேன். சிறு சத்தம்கூட இல்லை. காதும் தோடும் இருந்த இடம் கண்ணாடியிலேயே தங்கிவிட, காகிதத்தில் வெள்ளைத் திட்டு மட்டும் மிஞ்சியது.

ஆகவே இந்த அறிகுறியில் நெம்பவோ நனைக்கவோ சூடு காட்டவோ வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே, பிரதிபலிப்பு விழாத வெளிச்சத்தில் உயர்ந்த தெளிவில் படமெடுத்தோ ஸ்கேன் செய்தோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகலை அச்சிட்டு, மவுண்ட் அட்டை வைத்துச் சட்டமிட்டு மாட்டுங்கள். மூலத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்காமல், அமிலமற்ற தாளில் சுற்றி, உலர்ந்த இடத்தில் கிடைமட்டமாக வைத்து, புகைப்படப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் கிடைக்கும்போது அப்படியே அவரிடம் கொடுங்கள்.